யாழ்ப்பாணத்திலிருந்து பங்கு வாங்கப் போகிறீர்களா? நான் பட்ட அந்தரம் நீங்கள் படவேண்டாம்

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. கடையைத் திறந்து சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. முந்தின வியாழன்தான் இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்த செய்தி வந்திருந்தது. அந்தத் திங்களன்று, 20 பெரிய கம்பனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் எஸ் அண்ட் பி எஸ்.எல். 20 சுட்டெண் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்ததால் கொழும்புச் சந்தையில் வியாபாரத்தை அரை மணித்தியாலம் நிறுத்தினார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நான் கொப்பி வாங்க வந்த பிள்ளையைக் காக்கவைத்துவிட்டு, சந்தை திரும்பத் திறந்ததும் கையில் இருந்ததில் முக்கால்வாசியை விற்றேன். வியாழக்கிழமை அந்த வரியை 90 நாளுக்குத் தள்ளிவைத்த செய்தி வந்தது, சந்தை துள்ளி எழும்பியது. விற்ற பங்குகளில் இரண்டைக் கூடின விலைக்குத் திரும்ப வாங்கினேன்.

இது எனக்கு முதல் அடியும் இல்லை. 2022 ஜனவரியில், கொழும்புச் சந்தையின் எல்லாப் பங்குகளையும் சேர்த்துக் காட்டும் ஏ.எஸ்.பி.ஐ. சுட்டெண் 13,000 ஐத் தாண்டி நின்ற நேரம் உள்ளே வந்த ஆள் நான். அதற்குப் பிறகு நாடு நெருக்கடிக்குள் போய்ச் சந்தையும் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கீழே எழுதியிருப்பது கெட்டிக்காரன் சொல்லும் புத்திமதி என்று நினைக்கவேண்டாம். காசு கட்டிப் படித்த பாடத்தின் குறிப்புக் கொப்பி, அவ்வளவுதான்.

1. எந்தக் காசு என்று முதலில் முடிவு எடுங்கள்

நகையை அடைவு வைத்த காசு, சீட்டு எடுத்த காசு, வீட்டுக்குக் கூரை போட வைத்திருக்கும் காசு, இவை மூன்றும் வேண்டாம். நான் 2022 இல் சீட்டுக் காசில்தான் தொடங்கினேன். சந்தை விழுந்த பிறகும் ஒவ்வொரு மாதமும் சீட்டு கட்டத்தான் வேண்டும், அந்தக் கட்டுக்காசுக்காகவே பாதி விலைக்குப் பங்கை விற்றேன். பங்கு கெட்டதால் விற்கவில்லை, 10 ஆம் திகதி வந்ததால் விற்றேன்.

இன்னொன்று, இங்கே கனபேருக்கு வரும் பிரச்சினை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மச்சானோ "நான் காசு அனுப்புறன், நீ உன்ர பேரில வாங்கிவிடு" என்பார். ஓம் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் பெயரில் இருந்தால் அது சட்டப்படி உங்கள் பங்கு, பேந்து அவர் காசைத் திரும்பக் கேட்கும்போது விலை விழுந்திருந்தால் குடும்பத்துக்குள் சண்டை. வெளிநாட்டில் வசிப்பவர்கள் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் ஊடாகத் தங்கள் பெயரிலேயே முதலிடலாம். விற்ற காசைத் திரும்ப வெளியே கொண்டுபோவதற்கும் அதுதான் நேர்வழி.

2. ஆவணங்கள்: பெயர்தான் பெரிய தலையிடி

பங்கு வாங்க சி.டி.எஸ். கணக்கு வேண்டும். பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் மத்திய வைப்பகத்தில் உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு அது. தரகர் நிறுவனம் ஊடாகத் திறக்கலாம், 2020 இல் பங்குச் சந்தை விட்ட கைபேசிச் செயலி ஊடாகவும் திறக்கலாம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்தில் கிளை இருக்கிறது, சில தரகு நிறுவனங்களுக்கும் இருக்கிறது. நேரே போய்த் தமிழில் கேட்கலாம். கூச்சப்படவேண்டாம், நான் கூச்சப்பட்டு இரண்டு மாதம் மினக்கெட்டேன்.

கையில் இருக்கவேண்டியவை: தேசிய அடையாள அட்டை, வங்கிப் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம் அல்லது வங்கிக் கூற்று, வசிக்கும் முகவரிக்கு ஒரு சான்று, மின்னஞ்சல், உங்கள் பெயரில் உள்ள கைபேசி இலக்கம். வரி அடையாள இலக்கம் எடுத்திருந்தால் அதையும் வைத்திருங்கள்.

இதில் எங்கே மாட்டுவீர்கள் என்றால், பெயரில். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். வங்கிக்காரர் ஒருவர் அதை முதலெழுத்தாகப் போட்டிருப்பார், இன்னொருவர் முழுதாக எழுதியிருப்பார், பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லாதபடியால் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். என் வங்கிக் கணக்கில் பெயர் ஒரு எழுத்துக் கூட, விண்ணப்பத்தில் ஒரு எழுத்துக் குறைய. அதற்காகவே விண்ணப்பம் இரண்டு தரம் திரும்பி வந்தது. வங்கிக்குப் போய்ப் பெயரைத் திருத்தி, புதுக் கூற்று எடுத்து, மூன்றாம் தரம் அனுப்பித்தான் கணக்கு இலக்கம் வந்தது. முதல் விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் 19 நாள். பிழையில்லாமல் கொடுத்த என் மைத்துனருக்கு நாலு வேலை நாளில் முடிந்தது. ஆகவே முதலில் அடையாள அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

முகவரியும் அப்படித்தான். அட்டையில் இடம்பெயர்ந்து இருந்த காலத்து வன்னி முகவரி, இருப்பது கோண்டாவில் என்றால் உங்கள் பெயரில் உள்ள கரண்ட் பில்லைக் கேட்பார்கள். பில் மாமனார் பெயரில் இருக்கும். அப்போது விதானையாரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். கணக்குத் திறக்க என்னிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. போட்டோக்கொப்பி, ஓட்டோ எல்லாம் சேர்த்து 1,400 ரூபா முடிந்தது.

கணக்குத் திறந்ததும் சி.டி.எஸ். ஈ-கனெக்ட் என்ற இணையச் சேவையில் உடனே பதியுங்கள். தரகரின் திரையில் தெரிவது தரகர் தன் பக்கத்தில் வைத்திருக்கும் பதிவு. வைப்பகத்தில் உண்மையில் உங்கள் பெயரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது ஈ-கனெக்ட்டில்தான் தெரியும். மாதம் ஒருக்கால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. தரகரிடம் கேட்கவேண்டியவை

உரிமம் பெற்ற தரகர்களின் பட்டியல் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இருக்கிறது, அதில் இல்லாத ஆளோடு கதையே வேண்டாம். காசு போடும்போது நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள். "அவசரம் அண்ணை, என்ர கணக்குக்குப் போட்டுவிடுங்கோ" என்று யார் சொன்னாலும், ஊர்ப் பொடியன் சொன்னாலும், இல்லை.

கடன் பற்றியும் கேளுங்கள். கணக்கில் காசு போதாமல் வாங்கிவிட்டால் வட்டி எத்தனை, எத்தனை நாளில் கட்டாய விற்பனை செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எனக்கு 2022 இல் ஒரு தரகர் இப்படிக் கடன் தந்தார், தருகிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை. வாங்கும் பலம் என்று திரையில் காட்டியது என் காசு இல்லை. விலை விழுந்த ஒரு பின்னேரம் என்னைக் கேட்காமலே விற்றுவிட்டு மின்னஞ்சல் போட்டார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தேன், நான்தான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

4. செலவு: 1.12 என்ற எண்ணைப் பாடமாக்குங்கள்

பத்துக் கோடி ரூபாவுக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தச் செலவு 1.12 சதவீதம். அதில் தரகு 0.64, பங்குச் சந்தைக்கு 0.084, மத்திய வைப்பகத்துக்கு 0.024, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 0.072, அரசாங்கத்தின் பங்குப் பரிமாற்ற அறவீடு 0.3. வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. இலாபமோ நட்டமோ, அது அவர்களுக்கு ஒன்றுதான்.

200,000 ரூபாவுக்கு வாங்கினால் 2,240 ரூபா. அதே விலைக்கு விற்றால் இன்னொரு 2,240. விலை ஒரு சதமும் அசையாமலே 4,480 ரூபா போய்விட்டது. 100 ரூபாவுக்கு வாங்கிய பங்கு 102 ரூபா 30 சதத்துக்குப் போனால்தான் உங்கள் முதல் உங்கள் கைக்கு வரும். நான் ஒரே வருடத்தில் ஒரே காசைப் பதினொரு தரம் வாங்கி விற்றிருக்கிறேன். வருட முடிவில் தரகரின் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்த அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை, பங்கில் வந்த நட்டத்தைவிடக் கட்டணத்தில் போனது கூட.

வரியைப் பொறுத்தவரை, இதை எழுதும்போது பட்டியலிட்ட பங்கை விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கம்பனி தன் இலாபத்திலிருந்து பங்குக்காரருக்குப் பிரித்துத் தரும் பங்கிலாபத்தில் 15 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குக்கு அனுப்புவார்கள். 1,000 ரூபா என்று அறிவித்தால் 850 தான் வரும், வங்கிக்குப் போன் எடுத்துச் சண்டை பிடிக்கவேண்டாம்.

5. முதல் ஓடர் போடும் நாள்

சந்தை திங்கள் தொடக்கம் வெள்ளி வரை, காலை 9.30 இலிருந்து பின்னேரம் 2.30 வரை. போயா நாளில் பூட்டு. 9 மணியிலிருந்து ஓடர்களைச் சேர்த்துக்கொண்டு 9.30 இற்கு ஒரே விலையில் திறப்பார்கள். புதியவர்கள் முதல் அரை மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருங்கள்.

பாசையூரில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது கெதியாக விளங்கும். கூறு ஒன்றுதான், கேட்பவர் நாலு பேர் என்றால் விலை ஏறும், கேட்பவர் இல்லையென்றால் விளைமீனும் சூடைமீன் விலைக்குப் போகும். கொழும்புச் சந்தையில் கனக்கப் பங்குகளுக்கு அன்றாடம் கேட்பவர் நாலைந்து பேர்தான். திரையில் கடைசி விலை 41 ரூபா என்று நிற்கும், அது நேற்று யாரோ 20 பங்கு வாங்கிய விலை. விற்கும் பக்கத்தைப் பார்த்தால் 41.20 இற்கு 150 பங்கு, அடுத்தது 43, அதற்கு அடுத்தது 45.50. நான் இதைப் பார்க்காமல் சந்தை விலைக்கு 2,000 பங்கு என்று ஓடர் போட்டேன். ஓடர் ஒவ்வொரு படியாகத் தின்றுகொண்டு மேலே போய்ச் சராசரி 45 இல் நின்றது, அரை மணித்தியாலத்தில் கடைசி விலை திரும்ப 41.50. அன்று தொடக்கம் இந்த விலைக்கு மேல் கொடுக்கமாட்டேன் என்று விலை வரம்பு போட்ட ஓடர் மட்டும்தான். கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு.

குறியீட்டின் வாலையும் பாருங்கள். என் 0000 என்று முடிந்தால் வாக்குரிமை உள்ள பங்கு, எக்ஸ் 0000 என்றால் வாக்குரிமை இல்லாதது. கொமர்ஷல் வங்கிக்கும் ஹற்றன் நஷனல் வங்கிக்கும் இரண்டு வகையும் உண்டு, விலையும் வேறு வேறு. ஒன்றின் விலையைப் பார்த்து மற்றதுக்கு ஓடர் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு, "இருபது ரூபாப் பங்கு மலிவு" என்ற கதை. ஜோன் கீல்ஸ் 2024 இல் தன் பங்கு ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தது. இருநூறு ரூபாவுக்குக் கிட்ட நின்றது இருபது ரூபாவாகத் தெரிந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "விழுந்து போச்சு, அள்ளுங்கோ" என்று போட்டார். ஒரு பிலாப்பழத்தைப் பத்துத் துண்டாக வெட்டினால் துண்டின் விலை குறையும், பழம் மலியாது.

6. ஆய்வாளர் தரத்தை மாற்றும்போது

எனக்கு விசர் பிடிக்கவைத்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், தரப்படுத்தல் என்ற ஒரே சொல்லை மூன்று வேறு விசயங்களுக்குப் பாவிக்கிறார்கள். ஃபிட்ச், மூடிஸ், எஸ் அண்ட் பி என்ற சர்வதேச நிறுவனங்கள் நாட்டுக்குக் கொடுப்பது நாட்டின் கடன் தரம். ஃபிட்ச் ரேட்டிங்ஸ் லங்கா, லங்கா ரேட்டிங் ஏஜென்சி போன்றவை ஒரு கம்பனிக்குக் கொடுப்பது அந்தக் கம்பனி கடனைத் திருப்பிக் கட்டுமா என்பதற்கான தரம். நல்ல கடன் தரம் உள்ள கம்பனியின் பங்கு அநியாய விலையில் நிற்கலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவதுதான் தரகு நிறுவனத்தின் ஆய்வாளர் எழுதும் வாங்கு, வைத்திரு, விற்றுவிடு. எஸ் அண்ட் பி எஸ்.எல். 20 என்பது இவை எதுவும் இல்லை, அது 20 பெரிய கம்பனிகளின் சுட்டெண். எஸ் அண்ட் பி இலங்கைக்கு 20 புள்ளி கொடுத்திருக்கிறது என்று நான் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்கலாம்.

நாட்டின் தரம் உயர்ந்த செய்தியைப் பார்த்து வாங்க ஓடுவதில் உள்ள பிழையை 2024 காட்டியது. ஃபிட்ச் இலங்கையின் தரத்தை சி.சி.சி. பிளஸ் ஆக உயர்த்தியது டிசம்பர் 20 இல், மூடிஸ் அடுத்த சில நாளில். ஆனால் செப்டம்பர் கடைசியில் 12,000 இற்குக் கீழே கிடந்த ஏ.எஸ்.பி.ஐ. வருட முடிவில் 15,900 ஐத் தாண்டிய ஓட்டத்தில் பெரும் பங்கு அந்தச் செய்திக்கு முன்னமே முடிந்துவிட்டது. நாட்டின் கடன் மறுசீரமைப்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னமே வாங்கியிருந்தார்கள். நான் பட்டாசுச் சத்தம் கேட்டுத் தேருக்கு ஓடியவன், தேர் இருப்புக்கு வந்துவிட்டது.

இனி ஆய்வாளர் அறிக்கை. நடந்ததை எண்களோடு சொல்கிறேன். ஒரு வங்கிப் பங்கு, 78 ரூபா. அறிக்கையில் "வாங்கு", இலக்கு விலை, அதாவது பங்கு போய்ச்சேரும் என்று ஆய்வாளர் கணித்த விலை, 95. வாங்கினேன், 1,000 பங்கு. ஆறு கிழமையில் 91 இற்குப் போனது. அப்போது அதே ஆய்வாளர் "வைத்திரு" என்று இறக்கினார். குழுவில் ஒரே அமளி, விலை 88 இற்கு இறங்கியது, நானும் விற்றேன். அடுத்த காலாண்டுக் கணக்கு நன்றாக வந்தது, இலக்கை 115 ஆக்கித் திரும்ப "வாங்கு" என்றார், நான் 97 இற்குத் திரும்ப வாங்கினேன். விற்றபோது செலவு கழித்துக் கைக்கு வந்தது பங்குக்கு 87 ரூபா, வாங்கியபோது செலவோடு கொடுத்தது 98 ரூபா 9 சதம். அதே ஆயிரம் பங்கு திரும்ப என் கைக்கு வர, சும்மா 11,000 ரூபாவுக்கு மேல் போனது.

கோபத்தில் தரகரின் ஆலோசகருக்குப் போன் எடுத்தேன். "தம்பி, உங்கட ஆள் ஒரு நாள் வாங்கு எண்டுறார், ஒரு நாள் வேண்டாம் எண்டுறார், நாங்கள் என்ன செய்யிறது?" பொடியன் பொறுமையாகக் கேட்டான்: "அண்ணை, 'வைத்திரு' எண்ட அறிக்கையில ரெண்டாம் பக்கம் வாசிச்சனீங்களோ?"

வாசிக்கவில்லை. அன்றிரவு வாசித்தேன். இலாப எதிர்பார்ப்பில் ஒரு எண்ணும் மாறவில்லை. விலை இலக்குக்குக் கிட்ட வந்துவிட்டதால் புதிதாக வாங்குபவருக்கு இனி அவ்வளவு மிச்சம் இல்லை என்றுதான் எழுதியிருந்தார். ஏற்கனவே 78 இற்கு வாங்கி வைத்திருப்பவரை ஓடச் சொல்லவே இல்லை. பெயரே "வைத்திரு" தானே, நான் அதை "விற்றுவிடு" என்று வாசித்தேன்.

இப்போது அறிக்கை கைக்கு வந்தால் முதலில் திகதியைப் பார்ப்பேன். எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கைகள் பெரும்பாலும் மூன்று நாலு நாள் பழசு, எழுதிய அன்றைய விலை ஒன்று, இன்றைய விலை வேறொன்று. 95 இலக்கு என்று 78 இல் எழுதியதை 90 இல் வாசித்துவிட்டு வாங்கினால், வரும் இலாபத்தில் 40 சதவீதத்துக்கு மேல் கட்டணத்துக்கே போய்விடும். இலக்கு விலைக்கு எத்தனை மாதம் என்றும் பார்க்கவேண்டும், பெரும்பாலும் 12 மாதம். 12 மாத இலக்கை வைத்துக்கொண்டு அடுத்த கிழமையே "இன்னும் வரவில்லையே" என்று அந்தரப்படுவது அவர் பிழை இல்லை.

பிறகு, எது மாறியது என்ற கேள்வி. விலை ஓடியதால் தரம் மாறியதா, கம்பனியின் இலாபம் மாறியதா, வட்டி வீதம் மாறியதா? விலை மட்டும் ஓடியதென்றால் நான் ஒன்றும் செய்வதில்லை. இலாபம் குறையும் என்று எழுதியிருந்தால் கம்பனியின் காலாண்டுக் கணக்கை நானே பார்ப்பேன், அது வருடத்தின் முதல் மூன்று காலாண்டுகளுக்கும் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் வந்துவிடும், காசு கொடுக்கத் தேவையில்லை. வட்டி என்றால் எல்லாப் பங்குக்கும் பொதுவான விசயம். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. வங்கியில் சும்மா போட்டாலே அவ்வளவு வட்டி கிடைக்கும்போது பங்குக்கு யார் பழைய விலை கொடுப்பார்? அந்த நேரம் இலக்கு விலைகள் எல்லாம் இறங்கினதற்கு ஆய்வாளரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வெளிப்படுத்தலையும் வாசியுங்கள். அறிக்கை எழுதும் நிறுவனமோ அதன் ஊழியர்களோ அந்தப் பங்கை வைத்திருக்கலாம் என்று இருக்கும். களவு என்று சொல்லவில்லை. ஆனால் தரகு நிறுவனத்துக்கு நீங்கள் வாங்கினாலும் காசு, விற்றாலும் காசு, பேசாமல் இருந்தால் மட்டும்தான் காசு இல்லை. "பேசாமல் இரு" என்று ஒரு தரம் எந்த அறிக்கையிலும் நான் இன்னும் காணவில்லை.

நான் இப்போது ஒரு கொப்பியில் நாலு வரி எழுதாமல் எந்தப் பங்கையும் வாங்குவதில்லை. திகதி, விலை, ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் விற்பேன். மூன்றாவது வரியில் "ஆய்வாளர் சொன்னார்" என்று மட்டும் வந்தால் கொப்பியை மூடிவிடுவேன். தரம் மாறினால் அந்த நாலாவது வரியைத் திறந்து பார்ப்பேன், அதில் எழுதினது நடந்ததா இல்லையா என்று.

இதோடு ஒன்று, பங்கிலாபக் கழிவு நாள். அந்த நாளிலோ அதற்குப் பிறகோ வாங்கினால் அந்தப் பங்கிலாபம் உங்களுக்கு இல்லை, விலையும் காலையிலேயே ஏறத்தாழ அந்த அளவு குறைந்து திறக்கும். இதைத் தரம் இறங்கியதால் வந்த விழுகை என்று நினைத்து ஒருக்கால் விற்றிருக்கிறேன். சந்தையின் இணையத்தளத்தில் கம்பனி அறிவித்தல்களை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நாளைக்கு அறிவித்தல் வருது, இப்பவே வாங்குங்கோ" என்ற குரல் பதிவுகள் வந்தால் அழித்துவிடுங்கள். பொய்யென்றால் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். உண்மையென்றால் உள்தகவலை வைத்து வியாபாரம் செய்வது சட்டப்படி குற்றம்.

7. சந்தை விழும் நாள்

எஸ்.எல். 20 சுட்டெண் 5 சதவீதம் விழுந்தால் அரை மணித்தியாலம் நிறுத்துவார்கள். இன்னும் மோசமாகப் போனால் அன்றைக்கே பூட்டுவார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய பிறகு ஒரு கிழமை சந்தையே திறக்கவில்லை, 25 ஆம் திகதி திறந்தபோது விழுந்த விழுகையில் அன்றே திரும்பப் பூட்டினார்கள். 2020 இல் கொரோனாவுக்காக மார்ச் 20 இலிருந்து பூட்டு, மே 11 இல்தான் திறந்தார்கள். அதாவது அவசரத்துக்கு விற்கலாம் என்று நம்பி வைத்திருக்கும் காசு, அவசரம் வரும் நாளில்தான் வெளியே வராது. முதலாம் படியில் எந்தக் காசு என்று கேட்டது இதற்குத்தான்.

இந்த நாட்களில் நான் செய்வது: செயலியைத் திறப்பதில்லை, கொப்பியைத் திறப்பேன். அந்த நாலாவது வரி நடந்திருந்தால் மட்டும் விற்பனை, அதுவும் விலை வரம்போடு, 11 மணிக்குப் பிறகு. பிறகு ஒருநாள் பெரிய விழுகை வந்தபோது கடையில் நின்று 40 பக்கக் கொப்பிக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன், மனுசி வந்து "இண்டைக்குப் போனை எங்க வைச்சனீங்கள்?" என்று கேட்கும் மட்டும் எனக்குத் தெரியாது.

8. காசை வெளியே எடுப்பது

விற்ற அன்றே காசு வராது. டி பிளஸ் டூ என்பார்கள், விற்ற நாளுக்குப் பிறகு இரண்டு வேலை நாள். திங்கள் விற்றால் புதன், வியாழன் விற்றால் திங்கள். நடுவில் போயா வந்தால் இன்னொரு நாள் தள்ளும். அதற்குப் பிறகு தரகரிடம் காசை எடுக்கும் வேண்டுகோள் போடவேண்டும், உங்கள் பெயரில் பதிந்த வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். வேண்டுகோளை எத்தனை மணிக்குள் போட்டால் அன்றே அனுப்புவார்கள் என்று உங்கள் தரகரிடம் கேட்டு எழுதிவையுங்கள், என்னுடையவருக்கு 11 மணி.

விற்ற அன்று பின்னேரம் மின்னஞ்சலில் விற்பனைக் குறிப்பு வரும். பங்கின் எண்ணிக்கை, விலை, 1.12 சதவீதம், கைக்கு வரும் தொகை நாலையும் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள், போனில் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள். வகுப்புக் காசு, சவாரிக் கூலி, சீட்டுக் கட்டுக்காசு என்று திகதி குறித்த செலவுக்காக விற்பதென்றால் ஒரு முழுக் கிழமை முன்னுக்கே விற்றுவிடுங்கள். நான் ஒரு செவ்வாய் விற்றேன், வியாழன் போயா, வெள்ளி 11 மணியைத் தவறவிட்டேன், மகளின் சோதனைக் கட்டணம் வெள்ளியோடு முடிவு. பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணையிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன்.